நாலு மணிப் படம்

என் தொழிலில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. நாலு மணிக்குப் படம் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே போய் நிற்பேன். யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு மணிக்கே தலை சீவிவிடுவார்கள்.

நாலு மணிக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, பல்லை ஒரே அளவுக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்களே, அதை எடுக்க நான் எதற்கு? மூன்று மணிக்குப் போனால்தான் வீடு வீடாக இருக்கும். அம்மா முடியைச் சுருட்டுகிற சுருளைத் தலையில் மாட்டியிருப்பாள். அப்பா ஒரு காலில் மட்டும் காலுறையோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பதுதான் படம். நாலு மணிக்கு எடுப்பது அவர்கள் மனம் கோணாமல் இருப்பதற்கு.

நான் நோலீன். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், ஹுவான் பள்ளத்தாக்கில், இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் குடும்பப் படம் எடுக்கிறேன். எங்களுக்கு இலையுதிர் காலமான ஏப்ரலும் மே மாதமும் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இலையெல்லாம் பழுத்து மஞ்சளாக நிற்கும், வெயில் சாய்ந்து வந்து கன்னத்தில் விழும், யாருக்கும் கண் கூசாது. கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கூட்டிப்போய், வெள்ளைச் சட்டையில் மணலில் உட்கார வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வீடுதான், கொல்லைதான், அவரவர் பழைய கம்பளிச் சட்டைதான்.

இந்த ஒரு மணி நேரத் தந்திரத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தவள் நான். ரெஜ் வீட்டில் அது என்ன செய்தது என்பதை மட்டும் பதினோரு வருஷம் வாய் திறந்து சொல்லவில்லை.

ரெஜ்ஜுக்கு ஆற்றோரமாக ஆப்பிள் தோட்டம். அவருடைய மகள் லிண்டல் எங்கள் ஊர் மருத்துவமனையில் நர்ஸ். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாத மத்தியானம், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் என் போட்டோக் கடைக்கு வந்தாள்.

"ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்துரு நோலீன். நாலு மணிக்கு. டாரல் வர்றான்."

"யாரு, வடக்கே குயின்ஸ்லாந்துல இருக்கற உன் தம்பியா?"

"அவனேதான். படமெல்லாம் சும்மா ஒரு சாக்கு. இந்தக் கிழவனையும் அந்தக் கழுதையையும் ஒரு நாள் ஒரே இடத்துல நிக்க வச்சுட்டேன்னா எனக்குப் போதும்."

கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். டாரலை நான் பார்த்ததில்லை. அதற்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா இறந்தபோது வந்திருந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, பழைய பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு பியரைக் குடித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ரெஜ் வெளியே வந்தார். ஊரே பார்க்க, கையை நீட்டி, "போ. இங்கேருந்து போ" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே போய்விட்டான். அதற்கப்புறம் அப்பனும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"ரெண்டும் ஒரே அச்சு" என்றாள் லிண்டல். "அவன் வரட்டும்ங்கறார் இவரு. அவர் கூப்பிடட்டும்ங்கறான் அவன். படம்னா யாரும் யாரையும் கூப்பிட்ட மாதிரி ஆகாது பாரு. கூப்பிட்டது நானு. எடுக்கறது நீ."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான். போன்ல என்ன சொன்னான் தெரியுமா? 'அவர் என்னக் கட்டிப்பிடிக்கணும்னு கேக்கல லிண்டி. நான் வந்து நிக்கும்போது போன்னு சொல்லாம இருந்தா போதும்'ங்கறான். நாப்பது வயசுக் கடா மாடு. அழுதுட்டான்."

அவளும் அழுதாள். எழுபத்து நாலு வயதான ரெஜ்ஜுக்கு அந்தக் கோடையில் இரண்டு தடவை மார்பு வலி வந்திருந்தது. அதை அவள் டாரலிடம் சொல்லவில்லை. பரிதாபப்பட்டு வந்தான் என்று ஆகிவிடக்கூடாதாம். இந்தக் குடும்பத்தில் ரோஷத்துக்குக் குறைச்சலே இல்லை.

ரெஜ்ஜிடம் சொன்னபோது, "வரட்டும். ரோடு எல்லாருக்கும் பொதுதானே" என்றாராம். சொல்லிவிட்டு இரண்டு நாள் விடாமல் வேலியோரச் செடிகளை வெட்டி ஒழுங்குபடுத்தினாராம்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறும் கடிகாரத்தைத் திருப்புகிற ஞாயிறும் ஒன்றாக வந்தன. கோடையில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வோம், ஏப்ரல் முதல் ஞாயிறு விடிகாலையில் அந்தக் கோடைக்கால நேரம் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அடுப்பிலிருந்த கடிகாரத்தைத் திருப்பினேன், காரில் இருந்ததைத் திருப்பினேன், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எனக்குக் கொஞ்சம் பேராசை. இத்தனை வருஷம் கழித்து ஒரு மகன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும், யாருக்குக் கிடைக்கும் அது? மூன்று மணிகூட இல்லை, இரண்டரைக்கே போய்விட்டேன்.

"ஐயய்யோ நோலீன்!" லிண்டல் சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினாள். "ரெண்டரைதான்டி ஆகுது! நேரத்த மாத்தினியா இல்லையா நீ?"

"மாத்திட்டேன். நீ உன் வேலையப் பாரு. நான் வரவே இல்லன்னு நினைச்சுக்கோ."

அவளுடைய புருஷன் ஸ்காட், ஹோபார்ட் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், அடுப்பிலிருந்த ஆட்டுத்தொடைக்குச் சாற்றை ஊற்றுகிறேன் பேர்வழி என்று தரையெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தான். பதினொரு வயது மகள் இமோஜன் பாதி பின்னிய சடையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நாலு வயது மகன் ஃப்ளின் ஜட்டியும் ரப்பர் பூட்ஸுமாக, வாயைச் சுற்றிச் சாக்லெட்டோடு, முன்முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். ரெஜ் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். மேல்பல் செட்டு வாயில் இல்லை. அது நாலு மணிக்குத்தான் வரும்.

ரெஜ் வீட்டுக்கு ரோட்டோர வாசலிலிருந்து நீளமான மண்பாதை. இரண்டு பக்கமும் பாப்ளர் மரங்கள், உச்சியில் மட்டும் மஞ்சள் பிடித்திருந்தன. அந்தப் பாதை படத்தின் பின்னால் வரட்டும் என்று நான் வீட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். மற்றவர்கள் எல்லோருடைய முதுகும் வாசலுக்கு. நான் ஒருத்திதான் வாசலைப் பார்த்து நின்றேன்.

அந்த வாசலில் ரெஜ் ஆப்பிள் விற்கிற சின்னப் பந்தல் ஒன்று உண்டு. பைகளில் போட்டு வைத்திருப்பார், வேண்டியவர்கள் காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். விடுமுறை நாள் வேறு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கார் வந்து நின்று என் படத்தைக் கெடுத்தது. பக்கத்தில் நெருங்கி வருகிறவர்களை வலது கையில் கேமராவைப் பிடித்தபடியே இடது கையால், கோழியை விரட்டுவதுபோல, போ போ என்று விரட்டினேன். எனக்கு அது பழக்கம். எந்தக் கொல்லையில் படம் எடுத்தாலும் யாரையாவது அப்படி விரட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

மூன்று மணி இருக்கும். ரெஜ் ஃப்ளினைத் தூக்கி ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, அவன் தலைமேல் இலையை அள்ளி அள்ளிக் கொட்டினார். முகம் கொடுக்காமல் இருந்த இமோஜனும் எழுந்து வந்து ஒரு கூடை இலையைத் தாத்தா தலையில் கவிழ்த்தாள். லிண்டல் தலைச் சுருளோடு வெளியே ஓடி வந்தாள்.

"அப்பா, குளிருமேப்பா அவனுக்கு!"

"குளிராது. இவன் டாஸ்மேனியாக்காரன்." பொக்கை வாயைத் திறந்து சிரித்தார் ரெஜ். "உன் தம்பி ஊர்லதான் குளிரும் தெரியாது, கடிகாரத்தத் திருப்பவும் தெரியாது. நேரத்த மாத்தினா மாடு பால் குடுக்காது, ஜன்னல் சீலை வெளுத்துப்போயிரும்னு சொல்ற ஜனங்களாச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜ் டாரலைப் பற்றிச் சிரித்துப் பேசி ஆறு வருஷம் ஆயிற்று. லிண்டல் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.  இருபது வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற படம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி ரோட்டிலிருந்து திரும்பி, மற்ற வண்டிகள் மாதிரி பந்தலோடு நிற்காமல், பாதைக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பாப்ளர் மரங்களுக்கு நடுவில், படத்தில் ரெஜ்ஜின் தலைக்கு நேர் மேலே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை வீசினேன். நகரவில்லை. இன்னொரு தடவை, வேகமாக, போ என்று வீசினேன்.

வண்டி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பின்னால் நகர்ந்து ரோட்டுக்குப் போய்விட்டது.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சே?" என்றார் ரெஜ்.

"யாரோ ஆப்பிள் வாங்க வந்தவங்க. அனுப்பிட்டேன்."

ரெஜ் திரும்பிப் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை. "நாலு மணி ஆகலையே இன்னும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி இலையை அள்ளினார்.

நாலு மணிக்கு எல்லோரும் தயார். ரெஜ் சவரம் செய்து, பல் வைத்து, டை கட்டி வந்தார். வராந்தாவில் நாற்காலிகளைப் போட்டார்கள். ரெஜ் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தானே கொண்டு வந்து போட்டார். ஃப்ளின் அதில் ஏறப் பார்த்தான்.

"இறங்குடா. அது மாமாவோடது."

நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. லிண்டல் போன் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. ஸ்காட் இரண்டு தடவை வாசல்வரை நடந்து போய்விட்டு வந்தான். ஆட்டுத்தொடை அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் ரெஜ்ஜின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவரே சொன்னார்.

"எடு நோலீன். இருக்கறவங்கள எடு."

அந்த நாற்காலியை எடுத்துவிடலாமா என்று ஸ்காட் கேட்டான். வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை டாரலிடமிருந்து லிண்டலுக்கு ஒரு வரிச் செய்தி வந்தது. 'படம் நல்லா வந்துச்சா?' அவ்வளவுதான். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிக் கொதித்தாள்.

"எவ்வளவு கொழுப்பு பாரு! வராம இருந்துட்டு நக்கல் பண்றான்!"

"நீ என்ன பதில் போட்டே?"

"'நீ இல்லாம ரொம்ப நல்லா வந்துச்சு'ன்னு போட்டேன்."

நானும் அவளோடு சேர்ந்து அவனைத் திட்டினேன். அப்படிப்பட்ட பிள்ளை வராமல் இருந்ததே நல்லது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

ஏப்ரல் கடைசியில் அந்த வீட்டுப் படங்களைக் கழிக்க உட்கார்ந்தேன். எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். கண் மூடியது, மங்கலானது, பின்னால் வண்டி நிற்பது எல்லாவற்றையும் முதலில் ஒதுக்குவேன். வெள்ளைப் பிக்கப் நிற்கிற படங்கள் நாலு. ஒதுக்கப் போனவள், அதன் நம்பர் பலகையின் எழுத்து சிவப்பாகத் தெரிகிறதே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். குயின்ஸ்லாந்து வண்டி. சுற்றுலா வந்தவர்கள் போலிருக்கிறது என்றுதான் அப்போதும் நினைத்தேன். அடுத்த படத்தில் வண்டிக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு மனிதனின் கால் தரையில் ஊன்றியிருந்தது. அதற்கடுத்த படத்தின் ஓரத்தில் மங்கலாக என் கை. நாலாவதில் கதவு சாத்தியிருந்தது.

படத்தின் கீழே நேரம் விழுந்திருந்தது. நாலு மணி இரண்டு நிமிஷம்.

நாலு மணிக்கு நாங்கள் வராந்தாவில் அல்லவா இருந்தோம் என்று குழம்பினேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அடுப்பைத் திருப்பியவள், காரைத் திருப்பியவள், கேமராவின் கடிகாரத்தைத் திருப்பவில்லை. அது இன்னும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

டாரலும்தான். மூன்று நாள் வண்டி ஓட்டி, கப்பலில் ஏற்றி, சனிக்கிழமை வந்து இறங்கியிருக்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் கடிகாரத்தைத் தொடுகிற வழக்கமே இல்லை. அதனால் இறங்கியதும் எங்கள் கோடை நேரத்துக்குக் கவனமாக ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருப்பான், அப்பாவுக்குத் தாமதமாகிவிடக் கூடாதென்று. அன்று ராத்திரியே அதைத் திரும்பக் குறைக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நின்றிருக்கிறான். வந்து பார்த்தால், அவன் இல்லாமலே படம் நடந்துகொண்டிருக்கிறது. வீடே சிரித்துக்கொண்டிருக்கிறது. இறங்கலாம் என்று காலை வெளியே வைத்தவனைப் பார்த்து ஒரு கை போ என்கிறது. இரண்டு தடவை.

 எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்து பார்த்தேன், மறுபடி போய்த் தண்ணீர் குடித்தேன்.

அன்றைக்கே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஆல்பத்தைக் கொடுக்கும்போது ரெஜ்ஜிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாலு படத்தையும் அச்சடித்து ஒரு உறையில் போட்டு, ஆல்பத்தோடு மே மாத நடுவில் அவர் வீட்டுக்குப் போனேன்.

ரெஜ் டீ போட்டார், டப்பாவிலிருந்து பழக்கேக் வெட்டி வைத்தார். ஆல்பத்தை மெதுவாகப் புரட்டினார். தள்ளுவண்டிப் படத்தில் நின்றுவிட்டார்.

"பல்லே இல்லாம இருக்கேன் இதுல."

"அதான் அழகு."

"என் பொண்டாட்டி இருந்திருந்தா உன்னைக் கொன்னே போட்டிருப்பா." சிரித்தார். "நெஜமாச் சொல்றேன் நோலீன், இந்த வீட்டுல நாங்க இப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. நீ சீக்கிரம் வந்ததாலதான் இது கிடைச்சுது."

பக்கங்களைப் புரட்டிக் கடைசிப் படத்துக்கு வந்தார். வராந்தா, டை, காலி நாற்காலி.

"ஒருத்தன் குறையறான்" என்றார். "வந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு நாளா யோசிச்சேன், என்னடா சொல்றது, என்னடா சொல்றதுன்னு. கடைசில ஒண்ணும் சொல்ல வேணாம், ஒரு டீ போட்டுக் குடுப்போம்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். அவ்வளவுதான் எனக்கு வந்துச்சு."

உறை என் பைக்குள் இருந்தது. கையை உள்ளே விட்டுத் தொட்டும் விட்டேன்.

"ரெஜ்..."

"ம்?"

"கேக் நல்லா இருக்கு."

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் மனசு தாங்காது, மார்பு வலிக்காரர் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் என்னைப் புகழ்ந்தார், எனக்கு அது இனித்தது. அதோடு, இது வெளியே தெரிந்தால் பள்ளத்தாக்கில் என்னை யார் வீட்டுக்குள் விடுவார்கள் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு ஏழு குடும்பங்கள் இருந்தன.

ஆகஸ்டில் ஒரு காலை நேரம், ரெஜ் சமையலறையில் விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். டாரல் வரவில்லை, பூ மட்டும் அனுப்பியிருந்தான். அடக்கம் முடிந்ததும் லிண்டல் அந்தப் பூவைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். "உயிரோட இருந்தப்பவே வராதவனுக்கு இப்ப என்ன?" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரெஜ் போன பிறகு சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று அப்போதும் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. வருஷம் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. ரத்த அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குடி இப்படித் துடிக்குது உனக்கு?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் மார்ச்சில் லிண்டல் மறுபடி கடைக்கு வந்தாள். இமோஜன் வேலைக்காக மெல்பர்ன் போகிறாளாம், அதற்கு முன்னால் வீட்டில் ஒரு படம் வேண்டுமாம்.

"ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, நாலு மணி. இந்தத் தடவையும் அன்னைக்குத்தான் நேரத்த மாத்தறாங்க, ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "என் தம்பி மாதிரி கடைசி நேரத்துல கைய விரிச்சுராத" என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்று என்னால் முடியவில்லை.

"உக்காரு லிண்டல்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு படத்தையும் மேஜைமேல் வைத்தேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கதவு திறந்திருந்த படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல பூட்ஸ் போட்டுட்டு வந்திருக்கான்" என்றாள். பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல் கடைசியில."

"அப்பா ஆகஸ்ட்ல போனார்." விரலை மடக்கினாள். "மே. ஜூன். ஜூலை. ஜூலைல அவரே காரோட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்தார் நோலீன். நல்லா இருந்தார்."



அவள் போனை எடுத்தாள். அவனோடு பேசியே பல வருஷம் ஆகியிருந்தது, நம்பர் மட்டும் அழிக்காமல் வைத்திருந்தாள். சத்தமாகக் கேட்கும்படி வைத்து மேஜைமேல் போட்டாள். "நீயே சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது, பாதியில் அதை யாரோ நிறுத்தினார்கள்.

"சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தது நீங்களா?" என்றான் டாரல். கிட்டத்தட்ட ரெஜ்ஜின் குரல்.

"நான்தான்."

"அவர் சொல்லித்தான் கையாட்டறீங்கன்னு நினைச்சேன். என்னைப் பாத்துட்டார், பாத்துட்டுத்தான் திரும்பாம நிக்கறார்னு நினைச்சேன்."

"அவர் பாக்கவே இல்ல. வண்டிச் சத்தம் கேட்டு யாருன்னு கேட்டார். ஆப்பிள் வாங்க வந்தவங்கன்னு நான்தான் சொன்னேன்."

"திரும்பிப் பாத்தாரா?"

"பாத்தார். நீங்க அதுக்குள்ள ரோட்டுக்குப் போயிட்டீங்க."

 லிண்டல் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வரவே இல்லன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டார்" என்றான்.

"ஆமா."

"நான் இறங்கி நடந்து வந்திருக்கணும். இருநூறு அடி. அது என் தப்பு, உங்களச் சொல்லல." அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஆனா ஒண்ணு. பதினோரு வருஷமா அந்த மனுஷன் மேல இருந்த கோவத்துலதான் நான் ஓட்டிட்டிருந்தேன். அப்பா போனதுக்குக்கூட அழல. இன்னைக்கு அதையும் புடுங்கிட்டீங்களே. இனிமே நான் என்னங்க பண்ணுவேன்?"

லிண்டல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "டாரல், நான்தான்டா, லிண்டி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, நாலு படத்தையும் பொறுக்கிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு டாரல் வந்திருந்தானாம். படம் எடுத்தது யார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.